தகடூர்க் கற்களுக்கு ஓர் இல்லம்

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமான நாள் 1965 அக்டோபர் 2. அடுத்த பதினான்காம் ஆண்டில், 1979இல், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தருமபுரி நகரில் ஓர் அகழ்வைப்பகத்தைத் தொடங்கியது. சாலைக்கும் குடிநீருக்குமே பணம் போதாத பின்தங்கிய மாவட்டம் என்று பெயர் வாங்கியிருந்த காலம் அது. அப்போதும் பழங்கற்களைக் காக்க அரசுப் பணம் ஒதுக்கப்பட்டது என்பதை இந்த மலரில் முதலில் நன்றியோடு பதிவு செய்ய வேண்டும்.

அதற்கான விதை முன்பே விழுந்திருந்தது. 1961இல் உருவான தொல்லியல் துறைக்கு இரா. நாகசாமி இயக்குநராக இருந்த ஆண்டுகளில் செங்கம், தருமபுரி வட்டாரங்களின் நடுகற்கள் ஊர் ஊராகத் தேடிப் படியெடுக்கப்பட்டன. 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’, 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ என நூல்கள் வந்தன. ஏரிக்கரையிலும் புன்செய்க் காட்டிலும் சாய்ந்து கிடந்த கற்களில் வட்டெழுத்து இருக்கிறது, சில பல்லவர் காலத்துக்கும் முற்பட்டவை என்ற செய்தி தமிழக வரலாற்று எழுத்தையே மாற்றியது. இருளப்பட்டி போன்ற சிற்றூர்களின் பெயர் ஆய்வு நூல்களில் ஏறியது அப்படித்தான்.

அந்தக் கற்கள் சொல்வது பெரும்பாலும் மாட்டின் கதை. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போய் விழுந்தான் என்று சில வரிகளில் முடித்துவிடும். கீழே வில்லோ வாளோ ஏந்திய ஓர் உருவம். புலியோடு பொருது மாண்டவனுக்கும், பன்றியைக் குத்தி மாண்டவனுக்கும் கல் உண்டு. செங்கம் பக்கத்து எடுத்தனூரில், தன் தலைவனோடு நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் கிடைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின் அவன் நடுகல்லுக்கு நடந்த வழிபாட்டை ஔவையார் மனம் வெதும்பிப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. தருமபுரியின் பழம்பெயரான தகடூர் மண்ணுக்கு நடுகல் எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

போர் மட்டுமல்ல, விளையாட்டும் கல்லில் நிற்கிறது. பழைய சேலம் மாவட்டத்துக் கருமந்துறையில் கிடைத்து, இன்று சேலம் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகல், எருது விளையாட்டில் இறந்தவனுக்காக எழுப்பப்பட்டது. காளையும் வீரனும் அதில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு விளையாட்டு வீரனுக்கு அவன் பெயரோடு நினைவுச்சின்னம் வைத்த சமூகம் இது. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்கு 1939இல் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் புகழ்மண்டபம் திறந்தார்கள். அதன் பின்னே ஸ்டீபன் கிளார்க் என்ற செல்வந்தரின் கைப்பணம் இருந்தது. நம் ஊர்க் கற்களுக்கு அப்படி ஒரு செல்வந்தர் வாய்க்கவில்லை. வரிப்பணம்தான் அவற்றுக்குத் துணை.

அரசு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கீழடி அருங்காட்சியகம் எழுந்தது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 62 கோடி ரூபாய்க்கு மேலான செலவில் ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. அதற்குள்ளும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. இரண்டும் நல்ல செலவே. கருமந்துறைக் கல்லையும் தொறுக் கற்களையும் ஈன்ற இந்த வட்டாரத்துக்கும் அத்தகைய ஒரு கூடம் உரிமையானது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆனால் கூடம் மட்டும் போதாது. இங்கே நடுகல் செத்த பொருள் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற சாமியாகப் பூசை வாங்குகின்றன. பொங்கல் வைக்கும் குடும்பத்திடமிருந்து சாமியைப் பெயர்த்துக்கொண்டு வந்து எண் ஒட்டி நிறுத்துவது முறையா? முறையல்ல. வழிபாட்டில் இருப்பதை அங்கேயே விட்டு, மேலே ஒரு கூரை, பக்கத்தில் கல்வெட்டின் வாசகமும் காலமும் சொல்லும் பலகை, ஊராரில் ஒருவருக்குக் காவல் பொறுப்பும் அதற்கொரு மாதச் சம்பளமும் என்று செலவிட வேண்டும். கேட்பாரற்றுச் சாலையோரம் கிடப்பதும், வரப்புக்கு முட்டுக் கொடுக்கப்பட்டதும், துணி துவைக்கும் கல்லானதும்தான் அகழ்வைப்பகத்துக்கு வரவேண்டியவை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழகம் முழுவதற்குமான அகழாய்வுகளுக்கு 7 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தோண்டி எடுப்பதற்குக் கிடைக்கும் அக்கறை, ஏற்கெனவே மண்ணுக்கு மேல் நிற்பவற்றுக்கும் கிடைக்கட்டும்.

மாவட்டத்துக்கு அறுபது ஆண்டு நிறைந்துவிட்டது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்து போனபின்னும் தகடூரின் பெயரையும் பெருமையையும் சுமப்பது தருமபுரிதான். இந்த மலரைப் புரட்டும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பை ஒருமுறை அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், அரைநாள் போதும். நிலத்தில் எழுத்தோ உருவமோ உள்ள கல் கண்டவர்கள் அதை நகர்த்தாமல், வண்ணம் பூசாமல், கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மாவட்ட நிர்வாகமும் சட்டமன்ற உறுப்பினர்களும் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே தருமபுரி நடுகற்களுக்கெனத் தனி நிதியைக் கேட்டுப் பெற வேண்டும்.