டுலூத் நகரின் திருத்த வகுப்புகள்

மனைவியைத் துன்புறுத்தும் ஆண்களைத் திருத்துவதற்கென அமெரிக்காவில் தோன்றிய முதல் அமைப்பாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1977இல் பாஸ்டனில் சில ஆண்கள் தொடங்கிய 'எமர்ஜ்' ஆகும். அடைக்கல இல்லங்களில், அதாவது வன்முறைக்குத் தப்பி வந்த பெண்கள் தங்கும் இல்லங்களில், பணியாற்றிய பெண்களின் வேண்டுகோளே அதற்குத் தூண்டுதலாயிற்று.

ஆயினும் இம்முயற்சிக்கு நிலைத்த வடிவம் தந்தது, மின்னசோட்டா மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் என்னும் துறைமுக நகரமே. அங்கு 1980களின் தொடக்கத்தில் எல்லன் பென்ஸ், மைக்கேல் பேமர் முதலியோர் உருவாக்கிய திட்டம், காவல்துறை, நீதிமன்றம், தண்டனை பெற்றோரின் நன்னடத்தையைக் கண்காணிக்கும் அலுவலகம், அடைக்கல இல்லம் ஆகியவற்றை ஒரே நடைமுறையில் பிணைத்தது; குற்றம் இழைத்தவர் வாராந்தரக் குழு வகுப்புக்கு அனுப்பப்பட்டார், வரத் தவறியவர் மீண்டும் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பைவிட இந்தப் பிணைப்பே அத்திட்டத்தின் உண்மையான புதுமை எனலாம். பின்பற்றிய ஊர்கள் பலவும் வகுப்பை எடுத்துக்கொண்ட அளவுக்கு இதை எடுத்துக்கொள்ளவில்லை.

1984இல், துன்புற்ற பெண்களின் வாய்மொழிகளிலிருந்து 'அதிகார, கட்டுப்பாட்டுச் சக்கரம்' வரையப்பட்டது. அச்சுறுத்தல், தனிமைப்படுத்தல், பணத்தைக் கைக்குள் வைத்திருத்தல், பிள்ளைகளைக் கருவியாக்குதல் உள்ளிட்ட எட்டு உத்திகளை ஆரங்களாகவும், உடல், பாலியல் வன்முறையை வெளிவட்டமாகவும் காட்டிய அப்படம், அடியைச் சினத்தின் வெடிப்பாக அன்றி ஆதிக்கத்தின் வழிமுறையாக விளக்கியது. பிற்கால மதிப்பீட்டு ஆய்வுகள் இத்தகைய வகுப்புகளின் பயனைச் சிறிதென்றே கணித்தன. ஆதிக்க வேட்கையையே எங்கும் தேடியதால், ஆண்கள் பலர் உண்மையில் கூறியதைக் கவனிக்கத் தவறியதாகப் பென்ஸே பின்னர் எழுதினார்.