நாளைக்கு வர்றேன்



நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போவதற்காக என் பேத்தி அந்த மொழியைப் படிக்கிறாள். போன வாரம் ஆத்தங்குடி வீட்டு வளவில் உட்கார்ந்து, "ஐயா, 'இஷ் கொம்ம மோர்கன்'னா நாளைக்கு வர்றேன். நம்மளைப் போலவே நிகழ்காலம் போதுமாம்" என்றாள். அடுத்து, 'மூணு வருஷமா ஜெர்மன் படிக்கிறேன்' என்பதைச் சொல்லிக் காட்டினாள். அதற்கும் வெறும் நிகழ்காலம்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய ஜெர்மானிய மொழிகளில் வினைக்கு இரண்டே கால வடிவம். நடந்து முடிந்ததற்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று. 'வெர்டன்' என்ற துணைவினையைச் சேர்த்து எதிர்காலம் சொல்வது இடைக்காலத்தில்தான் பரவியது. இன்றும் 'நாளை' என்ற சொல் வந்துவிட்டால் பேச்சில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

நம் கதையும் இதற்கு அக்கம்பக்கம்தான். காலம் மூன்று என்றார் தொல்காப்பியர். ஆனால் நாம் நிகழ்காலத்துக்குப் போடும் கிறு, கின்று சங்கப் பாட்டுகளில் மிக அரிது. 'செய்யும்' என்ற வடிவமே இன்றைக்கும் நாளைக்கும் பொதுவாக நின்றது. பிற்பாடு பவணந்தி முனிவர் நன்னூலில் ஆநின்று, கின்று, கிறு மூன்றையும் நிகழ்கால இடைநிலை என்று எழுதிவைத்தார். பழைய வழக்கம் போய்விடவில்லை. 'மாடு புல் தின்னும்' என்கிறோமே, அது நாளைக்குத் தின்னப்போவதையா சொல்கிறது?

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அந்தப் பிள்ளைகள் 'நாளைக்கு வர்றேன்' என்றபோது அவருக்கு அது விநோதமாகப் பட்டிருக்காது என்பது என் ஊகம். ஆனால் 'மூணு வருஷமா' இங்கிலீஷ்காரருக்கு இடறும். இங்கிலீஷ் வாத்தியாரான எனக்கும் இடறியது.

பத்தாம் வகுப்பில் ஒரு பையன் 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதினான். 'ஹேவ் பீன்' எங்கே என்று சிவப்பு மையால் சுழித்தேன். இங்கிலீஷ் விதிப்படி அது சரி. ஆனால், "தமிழ்ல யோசிச்சா இப்படித்தான் மூளை கோணும்" என்று வகுப்பே சிரிக்கும்படி சொன்னேன். அது சரியில்லை. கோணல் எதுவும் இல்லை, ஒரு ஜெர்மன் பையனும் அப்படித்தான் எழுதியிருப்பான்.

தம்பி, நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுது. தமிழிலேயே எழுது.