ஓரியின் குதிரைக்கு ஆர்சி புக் கிடையாது

கொல்லிமலைன்னு சொன்னா நம்ம மக்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு வல்வில் ஓரி. இன்னொண்ணு காரவள்ளியிலிருந்து மேலே ஏறுற 70 கொண்டை ஊசி வளைவு. சிறுபாணாற்றுப்படையில கடையெழு வள்ளல்களைப் பத்தி வர்ற இடத்துல ஓரியோட குதிரைக்கும் ஓரின்னுதான் பேர். அவனோட சண்டை போட்ட காரியோட குதிரைக்குப் பேர் காரி. ஓட்டுற ஆளுக்கும் வண்டிக்கும் ஒரே பேர். ஓனர் யாருங்கிற தகராறே வராது பாருங்க :-)

இப்ப அப்படி இல்லை. வெளிநாட்டுலேருந்து வந்து, இங்கேயே ஒரு வண்டியை வாங்கி மாசக்கணக்கா ஊர் சுத்துறவங்களுக்குப் பெரிய தலைவலி காசும் இல்லை, ரோடும் இல்லை. வண்டி யார் பேர்ல இருக்குங்கிறதுதான். இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்.

கொல்லிமலையிலேயே ஆரம்பிப்போம். ஜெஸ்ஸி பிராண்ட் என்கிற ஆங்கிலேய மிஷனரி 1907-ல் இந்தியா வந்தவர். 1913-ல் எவலினைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இந்த மலையில குடியேறினார். அடுத்த வருஷம் பிறந்த பையன்தான் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் சிஎம்சி-யில தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சு பேர் வாங்கினவர். 1929-ல் காய்ச்சல்ல ஜெஸ்ஸி இறந்துட்டார். எவலின் விடலை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பி வந்து, நடந்தும் மட்டக்குதிரை மேல ஏறியும் ஊர் ஊராப் போய்க்கிட்டு இருந்தாங்க. 1974-ல், 95 வயசுல இறக்குற வரைக்கும் அவங்க வாழ்க்கை மலைகள்லதான். உள்ளூர்ல கிடைக்கிற வண்டியைப் பிடிச்சுக்கிட்டு அதுலயே சுத்துறதுன்னா இதுதான். குதிரைக்கு நம்பர் பிளேட்டும் தேவைப்படலை, பேர் மாத்துறதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையவும் வேண்டியதில்லை.

சரி, மலையை விட்டு இறங்கி ரோட்டுக்கு வருவோம். போருக்கு அப்புறம் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு ரோடு வழியாவே வர்ற ஆசை நிறைய பேருக்கு வந்துச்சு. 1957 ஏப்ரல் 15-ம் தேதி 'இண்டியாமேன்'னு ஒரு பஸ் லண்டன்ல கிளம்பி ஜூன் மாசம் கல்கத்தா வந்து சேர்ந்துச்சு. டிக்கெட் 85 பவுண்டு. அறுபதுகள்லயும் எழுபதுகள்லயும் வேன்லயும் பழைய பஸ்லயும் ஹிப்பிக் கூட்டம் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான்னு தாண்டி வந்துச்சு. அவங்கவங்க வண்டி, அவங்கவங்க ஊர் நம்பர் பிளேட்.

இதுல ஒரு சிக்கல். சொந்த வண்டியை இன்னொரு நாட்டுக்குள்ள கொண்டு வந்து அங்கேயே வித்துட்டா அந்த நாட்டுக்கு இறக்குமதி வரி போச்சே! அதுக்காக வந்ததுதான் கார்னேங்கிற புத்தகம். உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியே போகும்போது ஒரு முத்திரை. வண்டி திரும்பிப் போகலைன்னா, கட்டின ஜாமீன் பணத்துலேருந்து வரியைப் பிடிச்சுக்குவாங்க. இதைப் பத்தி 1954-ல் ஐ.நா. உடன்படிக்கையே போட்டாங்க. இந்தியா இன்னிக்கும் கார்னே கேக்குது. நம்ம ஊர்ல வெளிநாட்டு வண்டிக்கு வரி எக்கச்சக்கம்ங்கிறதால ஜாமீனும் லேசுப்பட்ட தொகை இல்லை.

அப்புறம் 1979 வந்துச்சு. வருஷ ஆரம்பத்துல ஈரான்ல புரட்சி. டிசம்பர்ல ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை. சாதாரண ஆளுங்களுக்கு அந்த ரோடே மூடிப் போச்சு. இனிமே பிளேன்ல வந்து இறங்கணும். வண்டிக்கு என்ன பண்றது? இங்கேயே வாங்கு!

இங்கே வாங்குறதுக்கு ஏத்த வண்டி நம்ம சென்னையிலேயே தயாராகிக்கிட்டு இருந்துச்சு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தோட ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஃபாக்டரி. 1970 வாக்கில் தாய்க் கம்பெனி இங்கிலாந்துல மூடிட்டாலும் இங்கே புல்லட் நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு. 1977-ல் இங்கேருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. தாத்தா காலத்து வண்டியை, வலது கால்ல கியர் போட்டு ஓட்டுறதுல வெள்ளைக்காரங்களுக்கு ஒரு கிறக்கம். வழியில நின்னு போனா எந்த ஊர்லயும் ரிப்பேர் பண்ண ஒரு மெக்கானிக் இருப்பார். டெல்லி கரோல்பாக்லயும் கோவாவிலும் பழைய புல்லட்டை வாங்கி விக்கிறதே ஒரு தொழிலாச்சு. ஊருக்குத் திரும்பும்போது அடுத்து வர்ற ஆளுக்கு வித்துட்டுப் போயிடலாம்.

பிரச்னையே இந்த "வித்துட்டுப் போறது"லதான். கொல்லிமலை அடிவாரத்துல நாமக்கல் இருக்கு, லாரிக்குப் பேர் போன ஊர். அங்கே லாரி வாங்கி விக்கிறவங்களைக் கேளுங்க, ஃபாரம் 29, ஃபாரம் 30-ன்னு தூக்கத்துலகூட சொல்லுவாங்க. வித்தவரும் வாங்கினவரும் ஆர்டிஓ ஆபீஸ்ல பேர் மாத்தணும். வேற மாநிலத்துக்குக் கொண்டு போனா தடையில்லாச் சான்று வேணும். 12 மாசத்துக்கு மேல அங்கேயே வச்சிருந்தா நம்பரையே மாத்தணும். வெளிநாட்டுக்காரர் வண்டி வாங்கக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல இல்லை. ஆனா பதிவுக்கு இந்திய முகவரி காட்டணுமே. சுற்றுலா விசாவுல வந்து லாட்ஜுல தங்குறவர் எந்த முகவரியைக் காட்டுவார்? அதனால பேரே மாத்தாம, பழைய ஆர்சி-யோட வண்டி கை மாறிக்கிட்டே போகும். இல்லைன்னா உள்ளூர் நண்பர் ஒருத்தர், "என் பேர்ல வாங்கிக்கோங்க"ன்னு பெருந்தன்மையா சொல்லுவார்.

அந்த நண்பர் நீங்களா இருந்தா இதைக் கவனமாப் படிங்க. 2018 பிப்ரவரியில நவீன் குமார் - விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. ஒரு வண்டி அடுத்தடுத்து பல கை மாறியிருக்கு, பதிவு மட்டும் மாறவே இல்லை. அந்த வண்டி விபத்துல மாட்டுச்சு. யார் நஷ்டஈடு கொடுக்கணும்? பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான்னு தீர்ப்பு. அடிபட்டவங்க ஒவ்வொரு கையாத் தேடி அலைய முடியாதுங்கிறது கோர்ட் சொன்ன காரணம். ஞாயம்தான். ஆனா உங்க சிநேகிதர் பிளேன் ஏறிப் போயிருப்பார், நோட்டீஸ் உங்க வீட்டுக்கு வரும்.

விருந்தாளிக்கு உதவக்கூடாதுன்னு சொல்ல வரலை. முல்லைக்குத் தேர் கொடுத்த ஊர்க்காரங்க நாம :-) லைசென்ஸ் உள்ள கடையில வாடகைக்கு எடுத்துக் கொடுங்க. நீண்ட விசாவும் வாடகை ஒப்பந்தமும் இருந்தா அவர் பேர்லயே பதிவு செய்யக் கூட அலைஞ்சு உதவுங்க. வித்தா, அன்னிக்கே ஃபாரம்ல கையெழுத்து வாங்கி ஆபீஸ்ல கொடுத்துடுங்க. தேர் கொடுக்கலாம் சார், பேரைக் கொடுக்காதீங்க.

கொசுறு: கொல்லிமலைக்கு வண்டியில போறவங்க வளைவுக்கு வளைவு ஹாரன் அடிங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு இறங்குங்க. இறங்கும்போது சின்ன கியர்லயே வாங்க, பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. 70-ன்னா 70 வளைவும்தான்!