எங்கே நின்று கேட்டீர்கள்?

"உன்ர முதல் கச்சேரி எது?" என்று நண்பர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரு பாடகரின் பெயர்தான் பதிலாக வரும். எங்கள் வீட்டில் அதே கேள்வியைக் கேட்டபோது அம்மம்மா பெயர் சொல்லவில்லை. "நாங்கள் வேலிக்கு வெளியால நிண்டு கேட்டனாங்கள்" என்றுதான் தொடங்கினா.

அம்மம்மா 1945 இல் பிறந்தவ. அவவுக்குப் பத்து வயதளவில் யாழ்ப்பாணத்தில் நேரடி இசை என்றால் கோயில் திருவிழாதான். ரிக்கெட் கிடையாது. ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஒரு உபயகாரர் இருப்பார், செலவு அவருடையது. யாருடைய திருவிழா பெரிது என்ற போட்டியில் இரண்டு மூன்று கூட்டம் மேளம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் இருந்தும் நாதஸ்வர, தவில் வித்துவான்களை அழைப்பார்கள். இரவு சுவாமி வீதி சுற்றி வரும்போது ஒரு சந்தியில் நிறுத்திவைத்து மணிக்கணக்காய் மேளச்சமா நடக்கும். இணுவிலில் 1933 இல் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி இளம் வயதிலேயே பெயர் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

அம்மம்மா முதல் கேட்டது அவருடைய தவிலைத்தான். ஆனால் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் கோயிலின் வெளிவீதிக்கே போகமுடியாது. தெருவுக்கு அந்தப்பக்கம், பனை வடலிகளுக்குள் நின்று கேட்பார்கள். "ஆளைக் காணேல்ல. அடி மட்டும் கேட்டுது. ரெண்டு பேர் அடிக்கினம் எண்டு நினைச்சன். ஐயாதான் சொன்னார், இல்லை, அது ஒராள்தான் எண்டு."

தெட்சணாமூர்த்தி 1975 இல் காலமானார். அம்மம்மா அவருடைய முகத்தை முதன்முதலாகப் பார்த்தது அப்போது பேப்பரில் வந்த படத்தில்.

எங்கள் இசை வரலாற்றில் வித்துவான்களின் பெயர்களும் விருதுகளும் இருக்கின்றன. வடலிக்குள் நின்றவர்கள் இல்லை. சாதியைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் வந்தது. ஆனால் சட்டம் வந்ததும் கோயில் கதவுகள் திறந்துவிடவில்லை. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அந்தப் போராட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாங்கள் வழிபாட்டு உரிமை என்று மட்டும் சொல்கிறோம். அம்மம்மாவைக் கேட்டால் அது தவிலைக் கிட்ட நின்று பார்க்கிற உரிமையும்தான்.

அம்மா 1968 இல் பிறந்தவ. அவவின் காலத்தில் எங்கள் ஊர்க்கோயிலின் வெளிவீதி திறந்திருந்தது, உள்வீதி திறக்கவில்லை. இசையும் மாறியிருந்தது. மேளத்தோடு சேர்த்துக் கோஷ்டியும் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கண்ணன் கோஷ்டி மாதிரிப் பெயர்கள் ஊரூராய்த் தெரிந்திருந்தன. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலா தாளத்தில் தமிழ் பொப் பாடிப் பிரபலமாகியிருந்தார்கள். திருவிழா மேடையிலும் கிற்றாரும் ட்ரம்ஸும் ஏறின.

1979 அளவில் அம்மா முதல்முதல் கோஷ்டி பார்க்கப் போனா. பெண்கள் பக்கத்தில் சாக்கு விரித்து இருந்தவ. அம்மம்மாவும் கூடப் போனவ, ஆனால் முன்னுக்கு வர மறுத்துவிட்டா. கடைசி வரிசைக்கும் பின்னால், மதிலோடு நின்றுதான் கேட்டா. யாரும் தடுக்கவில்லை. "கால் போகேல்ல" என்று மட்டும் சொன்னா. அம்மாவும் முழுக் கச்சேரி கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு குமர்ப்பிள்ளைகள் அங்கே இருக்கக்கூடாது என்று பெரியவர்கள் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசிப் பாட்டு என்னவென்று அடுத்த நாள் அண்ணன்மாரிடம்தான் கேட்டறிந்தா.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் எரிபொருளும் அடக்கம். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவை இயக்க வேண்டும். கரண்டோடு வந்த கோஷ்டிக்கு அது பெரிய அடி. ஜெனரேற்றரும் அதற்கு ஊற்ற எண்ணெயும் கிடைத்தால்தான் மேடை. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் அது ஒன்றும் வேண்டாம். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு வலிகாமம் வெறுமையாகும் வரைக்கும் ஏதோ ஒரு கோயிலில் மேளம் கேட்டுக்கொண்டுதான் இருந்ததென்று அம்மா சொல்லுவா. திரும்பி வந்தபோது ஊரடங்கு இருந்தது. இரவுத் திருவிழாக்கள் பகலுக்கு வந்தன.

நான் பிறந்தது 1992 இல். பத்து வயது வரைக்கும் இரவில் நடக்கும் இசை நிகழ்ச்சி ஒன்றை நான் கண்டதில்லை. 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த வருசத் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் இசைக்குழு வந்தது. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். பேஸ் கிற்றார் நெஞ்சுக்குள் அடித்தது. ஆனால் அதைவிட நன்றாக ஞாபகம் இருப்பது வேறொன்று. ஒன்பது மணியானதும் பெரியவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் எழும்பிவிட்டார்கள். பழக்கம். பிறகு யாரோ சிரிக்க, திரும்ப இருந்தார்கள். அன்றைக்கு அம்மா முதல்முறையாகக் கடைசிப் பாட்டு வரை இருந்தா. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு ஊரடங்கு திரும்ப வரும்வரை, அந்தச் சில வருசம்தான் எங்களுக்குக் கிடைத்தது.

2024 பெப்ரவரி 9 இல் யாழ். முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. முன்னுக்கு ரிக்கெட் எடுத்தவர்களின் கதிரைகள், பின்னுக்கு இலவசமாக வந்த பெருங்கூட்டம், நடுவில் தடுப்பு. தடுப்பு உடைந்தது, சிலர் காயப்பட்டார்கள், நிகழ்ச்சி இடையில் நின்று பிறகு தொடர்ந்தது. அடுத்த நாள் முழுக்க யாழ்ப்பாணத்துப் பொடியளின் ஒழுக்கம் பற்றித்தான் கதை. உடைத்தது சரியென்று நான் சொல்லவரவில்லை, அதில் அடிபட்டதும் எங்கள் பிள்ளைகள்தான். ஆனால் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குத் தடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டில் அந்த வீடியோவைக் காட்டி, "பாத்தீங்களே அம்மம்மா, உங்கட காலம் மாதிரித்தான், இப்பவும் வேலி" என்றேன். நான் ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட நினைப்பு. அம்மம்மா போனைக் கொஞ்சநேரம் பார்த்தா.

"அது வேற வேலி, இது வேற வேலி தம்பி. இதுக்குக் காசு சேர்த்தா உள்ளுக்குப் போகலாம்."

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் அவர்களுடைய முதல் கச்சேரியைக் கேளுங்கள். யார் பாடினார், என்ன வாசித்தார் என்பதோடு நிறுத்தவேண்டாம். எங்கே நின்று கேட்டீர்கள், எத்தனை மணிக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.