நாய்களில் அட்ரீனல் சுரப்பிக் கோளாறுகள்

உங்கள் நாய் சில வாரங்களாக வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடிக்கிறதா? இரவில் வீட்டிற்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறதா? வயதாகிவிட்டது என்று பலரும் இதனை விட்டுவிடுகின்றனர். அட்ரீனல் சுரப்பியின் கோளாறும் இவ்வாறே தொடங்கலாம்.

சிறுநீரகங்களுக்கு அருகில் பக்கத்திற்கு ஒன்றாக இச்சுரப்பிகள் அமைந்துள்ளன. இவை சுரக்கும் கார்டிசால், நோயையும் அதிர்ச்சியையும் தாங்க உடலுக்கு உதவுகிறது. ஆல்டோஸ்டிரோன், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவைச் சீராக வைக்கிறது.

குஷிங் நோய்

கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரப்பதால் உண்டாவது குஷிங் நோய். நடுத்தர வயதையும் முதுமையையும் எட்டிய நாய்களில் இது மிகுதி. பத்தில் எட்டு நாய்களுக்கு மேல் காரணம் அட்ரீனலில் இல்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியே அதனைத் தூண்டுகிறது. ஏனையவற்றில் அட்ரீனலிலேயே கட்டி இருக்கும்.

அடங்காத பசி, தொங்கும் வயிறு, ஓய்விலும் மூச்சிரைப்பு, உடலின் இருபுறமும் ஒரே சீராக முடி உதிர்தல், தோல் மெலிதல் ஆகியவை அறிகுறிகள். பசி நன்றாக இருப்பதால் நாய் நலமாக உள்ளது என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீரை அளந்து வைத்து, 24 மணி நேரத்தில் எவ்வளவு குடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், கால்நடை மருத்துவரை அணுகுங்கள். நீரிழிவும் சிறுநீரக நோயும் இதே அறிகுறியைத் தரும் என்பதால் பரிசோதனையின்றி முடிவு செய்ய இயலாது. டெக்ஸாமெத்தசோன் ஊசி செலுத்தி, எட்டு மணி நேரம் வரை இடைவெளி விட்டு இரத்தம் எடுக்கும் பரிசோதனைக்கு ஒரு பகல் முழுவதும் ஆகலாம்.

பொதுவாக அளிக்கப்படும் மருந்து டிரைலோஸ்டேன். இதனை உணவுடன் கொடுக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் கையாளக் கூடாது. மருந்து உட்கொள்ளும் நாய் உணவை மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்தாலோ அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். கார்டிசால் அளவுக்கு மேல் குறைந்திருக்கக்கூடும்.

தோல் அரிப்புக்கும் காது நோய்க்கும் நீண்ட நாள் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளாலும் இந்நிலை உண்டாகும். வீட்டில் மீந்துள்ள, மனிதருக்கான மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பது தவறு. ஏற்கெனவே கொடுத்து வந்திருந்தால், திடீரென நிறுத்துவது அதனினும் பெரிய தவறு. நீண்ட நாள் வேலையின்றிச் சுருங்கிய சுரப்பியால் உடனே கார்டிசாலைச் சுரக்க இயலாது, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கூறும் முறையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

அடிசன் நோய்

இது நேர்மாறானது. நோய் எதிர்ப்பு மண்டலமே சுரப்பியைத் தாக்கி அழிப்பதால் ஹார்மோன்கள் குறைகின்றன. இளம் வயது முதல் நடுத்தர வயது வரையிலான பெண் நாய்களில் சற்று மிகுதி. வாந்தி, பசியின்மை, எடை குறைதல், நடுக்கம் ஆகியவை வந்து வந்து மறையும். வயிற்றுக் கோளாறு என்றே பலமுறை மருந்து கொடுக்கப்பட்டிருக்கும். பின்னர் ஒருநாள் நாய் சுருண்டு விழும். பொட்டாசியம் உயர்வதால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும். இது அவசர நிலை, இரவானாலும் காத்திருக்காதீர்கள்.

உரிய நேரத்தில் கண்டறியப்பட்ட நாய்கள் பெரும்பாலும் இயல்பாகவே வாழ்கின்றன. ஆயினும் சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தேவை: நாள்தோறும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை, அல்லது ஏறத்தாழ மாதம் ஒருமுறை ஊசியும் அத்துடன் சிறிதளவு பிரெட்னிசோலோனும். பயணம், அறுவை சிகிச்சை, தீபாவளிப் பட்டாசு போன்றவை அந்நாய்க்குத் தாங்க இயலாத சுமையாகும். அந்நாள்களில் பிரெட்னிசோலோனை எவ்வளவு, எத்தனை நாள் கூட்டித் தர வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர் செல்லும்போது நாயைப் பிறர் பொறுப்பில் விட்டால், அச்சீட்டின் ஒரு படியையும் மாத்திரைகளையும் அவர்களிடம் கொடுத்துச் செல்லுங்கள்.