கலிலேயக் கரையும் ஓரியூர் மணலும்: சிவகங்கைக் கிறித்தவரின் இருவகைத் திருப்பயணம்

கிறித்தவர்களின் புனிதப் பயணத்துக்குத் தமிழக அரசு 2011இல் அறிவித்த உதவித்தொகைத் திட்டம் ஜெருசலேமின் பெயரால் அறியப்படுகிறது. தொடக்கத்தில் ஒருவருக்கு 20,000 ரூபாய். பின்னர் அது 37,000 ஆகவும், அருட்சகோதரிகளுக்கு 60,000 ஆகவும் உயர்ந்தது. அரசு தரும் தலப்பட்டியலில் பெத்லகேம், நாசரேத்து, யோர்தான் ஆறு ஆகியவற்றோடு கலிலேயக் கடலும் இடம்பெறுகிறது. ஏறத்தாழ 21 கி.மீ. நீளமுள்ள அந்த நன்னீர் ஏரியின் கரையில், சிவகங்கை மறைமாவட்டத்துப் பயணி தன் ஊரில் பழகியதிலிருந்து அடிப்படையில் வேறான ஒரு வழிபாட்டு முறைக்குள் நுழைகிறார் என்பதே என் வாதம்.

அவர் பழகிய முறைக்குச் சிறந்த சான்று ஓரியூர்த் திருத்தலம். கிழவன் சேதுபதி மன்னர் காலத்தில், 1693 பிப்ரவரி 4 அன்று, அருளானந்தர் என்று மக்கள் அழைக்கும் மறைப்பணியாளர் ஜான் டி பிரிட்டோ அங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியது. மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வரத் தொடங்கிவிட்டார்கள். அவர் குருதியால் சிவந்தது என்று நம்பப்படும் மணலை அள்ளிச் செல்கிறார்கள். முடி இறக்குகிறார்கள், ஆடு நேர்ந்துவிடுகிறார்கள், தென்னங்கன்று காணிக்கை வைக்கிறார்கள். நேர்ந்துகொண்டு வருவோரில் இந்துக்களும் உண்டு. எழுத்தறியாதவருக்கும் அந்த மண் போதும்.

கலிலேயக் கரை அப்படியன்று. அங்கே காண்பவற்றுள் பல அண்மைக் காலத்தில் வாங்கியவை, கட்டியவை, தோண்டி எடுத்தவை. கப்பர்நாகூமின் இடிபாடுகளை பிரான்சிஸ்கன் துறவிகள் 1894இல் வாங்கினார்கள். மலைப்பொழிவு ஆலயம் 1938இல் எழுந்தது. மக்தலாவின் பழைய தொழுகைக்கூடம் 2009இல்தான் அகழாய்வில் வெளிப்பட்டது. 1986இல் வறட்சியால் நீர்மட்டம் இறங்கியபோது சேற்றிலிருந்து கிடைத்த பழம்படகு ஏறத்தாழ இயேசுவின் காலத்தைச் சேர்ந்தது. அதில் அவர் ஏறினார் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. தாப்காவில் ஆலயத்துக்குள் ஒரு பாறை இருக்கிறது. உயிர்த்த இயேசு சீடர்களுக்கு உணவளித்த இடம் என்பது மரபு. ஆனால் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை அறியாதவருக்கு அது கரையோரப் பாறைகளில் ஒன்று, அவ்வளவே. இங்கே வாசிப்புதான் இடத்தைத் தலமாக்குகிறது. படகை ஏரி நடுவில் நிறுத்தி, இயேசு புயலை அடக்கிய நற்செய்திப் பகுதியை வாசிப்பதும், கரையில் திருப்பலி நிறைவேற்றுவதும் இதனால் பயணத்தின் மையச் சடங்குகளாகின்றன.

வாசிக்க ஒருவரும் கேட்கப் பலரும் வேண்டும். ஆகவே குழு இங்கே வெறும் செலவுச் சிக்கனம் அன்று. கூட்டாகப் போகும் ஒழுங்கு சிவகங்கைப் பகுதியின் செட்டிநாட்டுக்குப் புதியதும் அன்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டமும், காசியில் அவர்கள் நிறுவிய சத்திரமும், பயணத்தைச் சமூகமே ஏற்று நடத்தும் மரபின் பெருஞ்சான்றுகள். நடந்து செல்வது மட்டும் கலிலேயப் பயணத்தில் இல்லை. உடலால் செய்யும் நேர்ச்சைக்கு நெருங்கி வருவது, ஏரியிலிருந்து யோர்தான் வெளியேறும் யார்தெனித்தில் நீரில் இறங்கித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது ஒன்றே.

வெளிநாட்டுப் பயணம் உள்ளூர்த் தலங்களின் மதிப்பைக் குறைக்கும் என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. விசாவும் விமானச் சீட்டும் தேவைப்படும் பயணம் ஆண்டுதோறும் ஓரியூருக்குப் போவதற்கு மாற்றாக முடியாது. என் கவலை வேறு. அரசின் திட்டம் இயல்பாகவே கிறித்தவருக்கு மட்டும் உரியது. அதோடு வாசிப்பை நம்பிய பயணம், வேதம் அறிந்தோரையே தன் முழுப் பங்காளிகளாக ஏற்கிறது. ஓரியூர் மணலில் அருகருகே நின்ற அண்டைவீட்டார் இதில் விடுபட்டுப்போகிறார்கள்.

இதை ஓரளவு ஈடுசெய்யலாம். கொல்லப்படுவதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து அருளானந்தர் கடிதம் எழுதினார். கலிலேயாவில் யோவானை வாசித்துப் பழகிய குழுக்கள் ஊர் திரும்பியதும் அக்கடிதத்தை ஓரியூர்த் திருவிழாவில் உரக்க வாசிக்கட்டும். அங்கே அதைக் கேட்போரில் நேர்ச்சை செலுத்த வந்த இந்துக்களும் இருப்பார்கள்.