பாலர் சபையும் நாடகப் பாடமும்

தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் பாலர் சபைகளை வணிக முயற்சிகள் என்றே கூறி அமைவதுண்டு. சங்கரதாச சுவாமிகளின் (1867-1922) ஆசிரியப் பணியை நோக்குவார்க்கு இக்கருத்து நிறைவு தராது.

அவர் காலத்து நடிகர் பலர், அரங்கில் ஒருவரையொருவர் வெல்லும் வேட்கையால், எழுதிய உரையாடலை விடுத்து, மனம் போனவாறு தர்க்கம் புரிந்தனர். ஆசிரியன் யாத்த பாடம் அங்கே சிதைந்தது. சுவாமிகள் சிறுவரை நாடியமைக்கு இதுவே தலையாய காரணம் எனக் கருதுகிறோம்.

1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவர் ஆசிரியராக விளங்கினார். தி. க. சண்முகம் ஆறு வயதில் தம் தமையன்மாருடன் அதிற் சேர்ந்தார். அவர்தம் 'எனது நாடக வாழ்க்கை' (1972) அப்பயிற்சிக்குச் சிறந்த சான்றாகும். 'அபிமன்யு சுந்தரி' ஓரிரவில் எழுதப்பெற்றது என்பதும் அவர் வாயிலாகவே அறியப்படுகிறது. மாணவனின் ஆற்றலறிந்து பாத்திரம் படைத்த ஆசிரியரை இங்குக் காண்கிறோம்.

இதன் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. சிறுவர் பள்ளிக் கல்வியை இழந்தனர். இசையே உயிரான அவ்வரங்கில், மகரக்கட்டால் குரல் உடைந்தவன் தன் இடத்தையும் இழக்க நேர்ந்தது.

எனினும் 1925-இல் சண்முகம் சகோதரர்கள் தாமே ஒரு சபை தொடங்கினர். ஆசிரியர் மறைந்தும் பாடம் மறையவில்லை. இன்று பள்ளி நாடக விழாக்களுக்கு இளையோரைப் பழக்குவார், சுவாமிகளிடமிருந்து பாடம் பேணும் முறையைக் கொள்க. குரல் உடைந்த சிறுவனைக் கைவிடும் வழக்கத்தைத் தள்ளுக.